விருந்தினன் விடைபெறல்: கதேயின் உரோமும் தாமஸ் மானின் வெனிஸும்

பிரிவு என்னும் பொருளைத் தமிழ்ப் பொருளிலக்கணம் பல கூறாக்கிக் கண்டது. கல்வி கருதிய பிரிவு, பகை பற்றிய பிரிவு, தூது பற்றிய பிரிவு, பொருள்வயிற் பிரிவு எனக் காரணம் பற்றி வகுத்ததோடு அமையாது, பிரியப் புகுந்தவன் வாயிலில் நின்று தயங்கும் சிறு பொழுதினையும் செலவழுங்கல் எனப் பெயரிட்டுப் போற்றியது. இப்பிரிவுகளுக்கெல்லாம் பொதுவாகிய இயல்பு ஒன்று உண்டு. பிரிவோன் தன் மனையையும் தன் ஊரையும் பிரிகின்றான்; போகும் இடம் வேற்றிடம்; மீளும் இடம் தன்னிடம். இதற்கு மறுதலையாக, வேற்றூரிற் சின்னாள் தங்கி, அவ்வூரின்மேற் காதல் கொண்டு, பின்னர்த் தன்னூர்க்கே மீள வேண்டியவன் படும் வருத்தத்தை என்ன பெயரால் அழைப்பது? அவன் போவது தன் வீட்டிற்கு. அவனைப் போகென்று ஒறுத்தவர் எவரும் இலர். விடுமுறை முடிந்தது, அவ்வளவே. ஆயினும் அவ்வருத்தம் பொய்யன்று.

புறப்பொருட் பகுதியில் பரிசில் விடை என்றொரு துறை உண்டே எனின், அஃது இதற்கு மிக அணித்தாக வருகின்றது. ஆயினும் ஒன்றில் வேறுபடுகின்றது. பொருநராற்றுப்படையில் விருந்துண்டு மகிழ்ந்த பொருநன் விடைகேட்கும்போது, கரிகாலன் இத்துணை விரைவிற் பிரிகின்றீரோ என உளம் வருந்துகின்றான், பரிசில் நல்குகின்றான், ஏழடி பின்சென்று வழிவிடுகின்றான். ஆண்டு விருந்தினனுக்கு ஒரு புரவலன் இருக்கின்றான். விருந்தோம்புவது ஒரு மாநகரம் ஆயின் என் செய்வது? நகரம் வருந்துவதில்லை, ஏழடி பின்வருவதும் இல்லை. நேற்று வந்தவன் இன்று போனான் என்று கணக்கர் ஏட்டில் ஒரு வரி குறிக்கப்படுவதோடு சரி. இத்தகைய விடைபெறலுக்கு வடிவம் தேடிய இரு செருமானிய நூல்களை ஈண்டு ஆராய விரும்புகின்றோம். ஒன்று, கதேயின் 'இத்தாலியப் பயணம்'; மற்றொன்று, தாமஸ் மானின் 'வெனிஸில் மரணம்'. முன்னையது தன் வரலாறு, பின்னையது புனைகதை. எனினும், பின்னையது முன்னையதற்குக் கூறிய மறுமொழி எனக் கொள்வதற்கு இடமுண்டு என்பது எம் கருத்து.

கதே 1786 செப்டம்பர் 3-ஆம் நாள் விடியற்கு முன் மூன்று மணியளவிற் கார்ல்ஸ்பாட் நகரினின்று எவர்க்கும் உரையாது புறப்பட்டார். அப்பொழுது அவர்க்கு அகவை முப்பத்தேழு. வைமார் கோமகன் கார்ல் அவுகுஸ்டின் அமைச்சர். 'வெர்தெர்' என்னும் புதினத்தால் ஐரோப்பா முழுதும் அறியப்பெற்ற ஆசிரியர். இரண்டனையும் ஒருங்கே துறந்தார்போல, மோல்லெர் என்னும் பெயர் பூண்ட ஓவியராய் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தார். அக்டோபர் இறுதியில் உரோமை அடைந்தார். நேப்பிள்ஸ், சிசிலி ஆகியவற்றைக் கண்டு, 1787 சூனில் மீண்டும் உரோம் புகுந்தவர், 1788 ஏப்பிரல் வரை அந்நகரை விட்டு நீங்க மனம் கொள்ளவில்லை. இந்நாட்கள் முழுதும் கோமகன் அவர்க்கு ஊதியம் வழங்கி வந்தார் என்பதனை மறத்தல் ஆகாது. பிற்காலத்தார் இப்பயணத்தை ஒரு தவம் போலவும், மறுபிறப்புப் போலவும் போற்றுவர். அவரும் அவ்வாறே எழுதினார். ஆயினும் உலகியல் வழக்கில் அஃது ஓர் அரசு அலுவலரின் நீட்டிக்கப்பெற்ற விடுமுறையே. இவ்வுண்மை பின்னர் எழும் வினாவிற்குத் துணை செய்யும்.

இன்னொரு செய்தியும் நோக்கற்பாலது. பயண நூலின் முதற்பகுதி 1816-இலும், இரண்டாம் பகுதி 1817-இலும் வெளிவந்தன. உரோமில் இரண்டாம் முறை தங்கியதைக் கூறும் இறுதிப் பகுதியோ 1829-இல் வெளிவந்தது. அதாவது, முப்பத்தெட்டாம் அகவையில் விடைபெற்ற செய்தியை எண்பதை அணுகிய முதியவர் எழுதுகின்றார். இடையில் நாற்பத்தோராண்டு. ஆதலின் இப்பகுதியை நாட்குறிப்பு எனக் கொள்வார் பிழைபடுவர். பொறுக்கியும் நீக்கியும் அமைத்த ஓர் இலக்கிய முடிவாகவே இதனைக் கற்றல் வேண்டும்.

விடைபெறும் நாட்களில் கதே செய்தவற்றுட் பெரும்பாலன சிறு செயல்களே. ஈராண்டிற் சேர்ந்த சுண்ணச் சிலைப்படிகளைப் பகுத்துக் கொடுத்தல் வேண்டும். அவர் காலைதோறும் கண்டு மகிழ்ந்த யூனோ தேவியின் மாபெருந் தலையுருவை வைமார்க்கு எடுத்துச் செல்லல் இயலாது. அதனை ஓவியர் அங்கேலிக்கா கவுஃப்மானுக்கு உரியதாக்கினார். வித்திலிருந்து தாமே முளைப்பித்த செடிகள் சில இருந்தன. ஊசியிலைப் பைன் கன்று ஒன்று அங்கேலிக்காவின் தோட்டத்தில் நடப்பெற்றது. பேரீச்சங் கன்றுகள் உரோம நண்பர் ஒருவரின் தோட்டத்திற் புகுந்தன. இவற்றின் பிற்கால வரலாற்றையும் முதியவராகிய கதே தவறாது கூறுகின்றார். பைன் சில ஆண்டு செழித்து வளர்ந்தது. அங்கேலிக்கா மறைந்தபின் அவ்விடத்தைப் பெற்றவர், பூம்பாத்தியில் இம்மரம் எதற்கு எனக் களைந்துவிட்டார். பேரீச்சைகளோ ஆள் உயரம் வளர்ந்து நிற்கின்றன என உயர்குடிப் பயணி ஒருவர் வந்து உரைத்தாராம். விருந்தினன் ஒருவன் வேற்றூரில் விட்டுச் செல்லக் கூடியது இவ்வளவே என்பதனை ஆசிரியர் வாய்திறந்து கூறவில்லை. ஒரு மரம் களையப்பட்டது, ஒரு மரம் நின்றது என்று மட்டும் கூறி அகல்கின்றார். நூலின் புகழ்பெற்ற இரவுக் காட்சியினும் இச்சிறு செய்தி எம்மைப் பெரிதும் ஈர்த்தது. கல்லும் தூணும் பேசும் நூலில் உயிரோடு வளரும் பொருளாக எஞ்சுவது இஃதொன்றே.

மிலான் நங்கையிடம் விடைபெறும் காட்சியும் இத்தகையதே. மணவுறுதி முறிந்து நோயுற்றுத் தேறிய அப்பெண்ணைக் கதே முந்தைய இலையுதிர் காலத்தில் கண்டு விரும்பியவர். அவள் மாடத்தில், இவர் கீழே வண்டியில். வண்டியோட்டியை உடனே காணவில்லை. அத்தடையினால் சில சொற்கள் மேலும் பேச நேர்ந்தது. அச்சொற்கள் யாவை? உரைக்க மாட்டேன் என்கின்றார் ஆசிரியர். வண்டியோட்டி வாராமை என்னும் சிறு விபத்து ஒரு பேச்சினை நல்கியதைக் கற்போர் நினைவிற் கொள்க; வெனிஸில் இதனையொத்த வேறொரு விபத்தைக் காண்போம்.

இனி, நூலை முடிக்கும் நிலாக்காட்சி. புறப்படுவதற்கு மூன்று இரவுகட்கு முன் தெளிந்த வானில் முழுமதி நின்றது. கதே கோர்சோ வீதியை இறுதி முறையாக நடந்து கடந்து, கப்பிட்டோல் குன்றின்மேல் ஏறுகின்றார். பாலை நிலத்தில் எழுந்த மாயமாளிகை போல அஃது அவர்க்குத் தோன்றுகின்றது. சதுக்கத்தின் நடுவே குதிரைமேல் அமர்ந்த மார்க்கஸ் அவுரேலியஸ் சிலை. (மூலச்சிலை இன்று அருங்காட்சியகத்துள் உள்ளது, வெளியே நிற்பது அதன் நகல்.) அதனைக் கண்டவுடன் தோன் குவான் கதையில் வரும் படைத்தலைவன் சிலை அவர் நினைவிற்கு வருகின்றது, வழக்கமல்லாத செயலொன்றில் இறங்குகின்றாய் என அஃது எச்சரிப்பது போலப் படுகின்றது. எச்சரிக்கையை மீறிப் பின்புறப் படிகளின் வழி இறங்குகின்றார். செப்திமியஸ் செவேரஸ் வளைவு கருநிழல் வீழ்த்தி எதிரே நிற்கின்றது. பலமுறை பார்த்துப் பழகிய பொருள்களெல்லாம் புனித வீதியின் தனிமையில் அயலாகவும் பேயுருவாகவும் தோன்றுகின்றன. கொலோசியத்தை அடைந்து, அடைத்த கதவின் கம்பி வழியே உள்ளே நோக்குகின்றார். உடல் நடுங்குகின்றது. விரைந்து திரும்புகின்றார்.

இக்காட்சியை நிலவின் எழிலைப் பாடிய பகுதி எனப் பாராட்டுவோர் உளர். நிலவு ஒரு கருவியே. ஈண்டு நிகழ்வது யாதெனின், ஈராண்டாகத் தமதாகியிருந்த நகரம் ஒரே இரவில் மீண்டும் பிறர் நகரம் ஆகின்றது. பழகியது அயலாதல் என்னும் அந்நிகழ்ச்சியே விடைபெறலின் உட்பொருள். பிரிவுத் துயர் பொதுவாகப் பொருள்களை இனியவாகக் காட்டும். பிரியும் மனை என்றுமில்லா அழகோடு தோன்றும். இவர்க்கு அவ்வாறு தோன்றவில்லை. விருந்தினனது பிரிவில் நகரம் முன்னரே அவனைக் கைவிட்டுவிடுகின்றது. கம்பிக்கு வெளியே நின்று உள்ளே நோக்கும் நிலையைக் காண்க. வந்த நாளில் அயலார் எவரும் நிற்கும் நிலை அதுவே. கற்சிலை பற்றிய நினைவும் வறிதே வந்த அணியன்று. தோன் குவான் கதையில் அச்சிலை விருந்திற்கு அழைக்கப்பெற்று வருவது. வந்து, அழைத்தவனையே அழிவிற்கு இழுத்துச் செல்வது. மோட்சார்ட்டின் இசைநாடகம் 1787 அக்டோபரில் பிராகா நகரில் அரங்கேறியது எனினும், அக்கதை அதற்கு நெடுங்காலம் முன்பே ஐரோப்பிய மேடைகளில் வழங்கியது. விருந்தும் தண்டனையும் இணைந்த கதையொன்று விருந்தினனின் இறுதி நடையில் இடம்பெறுதல் தற்செயலெனக் கொள்ளல் அரிது.

இதன்பின் கதே செய்வதே சிக்கலுக்குரியது. தம் சொல்லால் நூலை முடிக்காது, ஓவிடின் சொல்லால் முடிக்கின்றார். பேரரசன் அகஸ்டஸின் சினத்திற்கு ஆளாகி, கி.பி. 8-இல் கருங்கடற் கரையிலுள்ள தோமிஸ் என்னும் சேய்மை ஊருக்கு நாடு கடத்தப்பெற்ற புலவர் ஓவிட். உரோமில் தாம் கழித்த இறுதி இரவை நினைந்து அவர் பாடிய இரங்கற்பா 'திரிஸ்தியா' என்னும் தொகுதியின் முதற் பகுதியில் உள்ளது. அவரும் நாடு கடத்தப்பெற்று, நிலவெரிக்கும் இரவில் உரோமை விட்டு நீங்கியவர் ஆதலின் அப்பாடல் என் மனத்தை விட்டு அகலவில்லை என்பது கதேயின் கூற்றின் கருத்து. அவரும் என்னும் உம்மையைக் கவனிக்க. தழீஇய எச்சவும்மை வேறொருவரையும் உடன் தழுவும். இங்குத் தழுவப்பட்டவர் கதே. ஊதியம் பெற்றுக்கொண்டே பயணம் செய்து, தமக்கெனக் காத்திருக்கும் வீட்டிற்கும் பதவிக்கும் மீளும் ஒருவர், மீளா நாட்டிற்குத் துரத்தப்பெற்று ஆண்டே மாண்ட ஒருவரோடு தம்மை ஓர் உம்மையால் இணைத்துக் கொள்ளலாமா? இஃது அறம் பற்றிய வினா. நடை பற்றிய வினா மட்டும் அன்று. பிறர் பட்ட உண்மைத் துன்பத்தைத் தம் மென்துயர்க்கு ஆடையாக உடுத்திக் கொள்ளுதல் இலக்கியத்திற் பெருகிக் கிடக்கும் குற்றம். எம் மாணாக்கரும் இதனைப் படித்தவுடன் முதலில் எழுப்பும் தடை இதுவே.

தடை வலியது. அதற்கு விடை ஓவிடின் பாடலைக் கதே எடுத்தாண்ட முறையில் உளது என யாம் கருதுகின்றோம். நூறடிக்குச் சற்றே மிக்க அப்பாடலிற் கதே எடுத்துக் கொண்டவை எட்டே அடிகள். தொடக்கத்து நான்கடிகளைத் தந்து, இருபத்திரண்டு அடிகளைத் தாண்டி, இருபத்தேழாம் அடி முதல் நான்கு தந்து நிறுத்திவிடுகின்றார். தாண்டப்பட்ட அடிகளில் இருப்பவை யாவை? வெளியேறுக என்னும் அரசாணை. அடிமையையோ ஆடையையோ பொருளையோ தேடிக்கொள்ள நேரமின்மை. கூடியிருந்தோரில் எஞ்சிய ஓரிரு நண்பர். அழுத கணவனைத் தழுவி அவனினும் மிக அழுத மனைவி. லிபியாக் கரையில் இருந்தமையால் தந்தையின் நிலையறியாத மகள். இழவு வீடு போல ஒலித்த மனை. நிறுத்திய இடத்திற்கு அப்பால் இருப்பது இன்னும் உருக்கமானது. மனைவி தலைவிரி கோலமாய் இல்லுறை தெய்வங்களின் முன் வீழ்ந்து அவிந்த அடுப்பைத் தொட்டு வேண்டுகின்றாள். மும்முறை வாயிலை மிதித்த ஓவிட் மும்முறையும் திரும்ப அழைக்கப்பெறுகின்றார். விடைபெற்ற பின்னும் மீண்டும் மீண்டும் பேசிக்கொண்டே நிற்கின்றார். செலவழுங்கலுக்கு இதனினும் சிறந்த காட்சி மேலை இலக்கியத்தில் உண்டோ அறியோம்.

கதே இவை அனைத்தையும் விடுத்தார். மனைவி இல்லை, மகள் இல்லை, அரசாணை இல்லை, வாயிலும் இல்லை. நிலவும், அடங்கிய ஊரும், கப்பிட்டோலும் மட்டும் எஞ்சுமாறு பாடலைக் குறைத்தார். தமக்கு உரிமையில்லாத பகுதி எது என அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இக்குறைப்பே சான்று. உம்மையால் மிகுதியாகக் கூறியதை எடுத்துக்காட்டும் அளவினால் திருத்திக் கொள்கின்றார் எனலாம். எனினும் முற்றும் திருத்தவில்லை. எடுத்த இறுதியடி, கப்பிட்டோல் கோயில்கள் ஓவிடின் இல்லுறை தெய்வங்களுக்கு அணித்தாக இருந்தும் பயனின்றிப் போயிற்று என்னும் கருத்துடையது. கோர்சோ வீதியில் ஓவிய நண்பர் திஷ்பைனோடு தங்கியிருந்தவர்க்கு உரோமில் இல்லுறை தெய்வம் ஏது? இவ்வடியை விடுத்திருத்தல் எளிது. விடாமையால், தம் மனை உரோமே. வைமார்க்கு மீள்வதே நாடு கடத்தல் என உள்ளத்தில் உறைந்த எண்ணம் வெளிப்படுகின்றது. 1828 அக்டோபரில் எக்கர்மானோடு உரையாடுங்கால், மனிதன் என்பது யாதென உரோமில் மட்டுமே உணர்ந்தேன், அந்நிலையோடு ஒப்பிட்டால் பின்னர் என்றும் மகிழ்ந்திலேன் எனக் கூறிய முதியவரே அடுத்த ஆண்டில் இப்பகுதியை வெளியிட்டார். இரண்டும் ஒரு மனத்திற் பிறந்தவை.

மேலும் ஒரு செய்தி. ஓவிடின் பாடல் நினைவில் எழுந்து தம் சொந்தப் பாடலைத் தடுத்துவிட்டது என்றும், பின்னர் முயன்ற போதும் அப்பாடல் உருவாகவே இல்லை என்றும் கதே ஒப்புக்கொள்கின்றார். இரவல் வடிவம் துணையாக வந்து தடையாக நின்றது. விடைபெறலுக்கு வடிவமின்மை பற்றி முதலிற் கூறினோமே. அக்குறைக்குப் பெரும்புலவர் ஒருவரே அளித்த வாக்குமூலம் இஃது. உரோமில் எழுதவியலாத இரங்கற்பாவை அவர் வேறோரிடத்தில் எழுதினார் என்பது எம் துணிபு. 1823-இல் மாரியன்பாட் என்னும் நீராடு நகரில் விடுமுறை கழித்த கதே, பத்தொன்பது அகவை உடைய உல்ரீக் என்னும் நங்கையை மணக்க விரும்பினார். அவர்க்கு அகவை எழுபத்து நான்கு. கோமகனே தூது சென்றும் பயனில்லை. விடுமுறை முடிந்து வைமார்க்கு மீளும் வண்டியிலேயே மாரியன்பாட் இரங்கற்பா உருவாயிற்று. இம்முறை ஓவிட் குறுக்கே வரவில்லை. உரோம் பகுதியை வெளியிடுமுன் இப்பாடல் எழுதப்பெற்றுவிட்டது என்னும் கால முறையை மனத்திற் கொண்டு படித்தால், நூலின் முடிவில் ஓவிடுக்கு இடம் விட்டு ஒதுங்கும் அமைதி நன்கு விளங்கும்.

மாரியன்பாட்டிலிருந்து தாமஸ் மானுக்கு நேரே வழியுண்டு. முதிய கதேயின் இக்காதலைக் கதையாக்கவே தாம் முதலிற் கருதியிருந்ததாக 1920-இல் எழுதிய கடிதம் ஒன்றில் மான் குறிப்பிட்டார். 1911 மே இறுதியில் மனைவியோடும் தமையன் ஹைன்றிஹோடும் வெனிஸின் லிடோத் தீவில் சின்னாள் தங்கிய பயணம் அத்திட்டத்தை மாற்றிற்று. கதையில் வரும் பழுதுற்ற கப்பலும், ஐயத்திற்குரிய படகோட்டியும், பெட்டி மாறியமையால் தடைப்பட்ட பயணமும், கொள்ளைநோயும் அப்பயணத்தில் உண்மையில் நேர்ந்தனவே, தாம் புனைந்தது எதுவுமில்லை என 1930-இல் தம் வாழ்க்கைக் குறிப்பில் உரைத்தார். அவர் தங்கிய விடுதி 2010-இல் மூடப்பட்டது. 'வெனிஸில் மரணம்' 1912-இல் வெளிவந்தது.

கதை நன்கறியப்பட்டது, சுருங்கக் கூறுவாம். ஐம்பதைக் கடந்த, ஒழுக்கத்தாலும் உழைப்பாலும் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆஷன்பாக் மியூனிக்கிலிருந்து ஓய்வு நாடி வெனிஸ் வருகின்றார். லிடோ விடுதியில் போலந்துக் குடும்பத்துச் சிறுவன் தாட்சியோவின் அழகைக் கண்டு முதலில் கலைஞனுக்குரிய வியப்பும், பின்னர் அறிவை மறைக்கும் மயக்கமும் கொள்கின்றார். தென்காற்று வீசி ஊர் புழுங்குகின்றது, உடல் ஒவ்வாது, புறப்பட முடிவு செய்கின்றார்.

புறப்பாட்டுக் காலை கதையின் உயிர்நிலை. பெட்டி முன்னே செல்கின்றது. ஆஷன்பாக் பெருங்கால்வாயில் நீராவிப் படகில் புகைவண்டி நிலையத்திற்குச் செல்கின்றார். பாலங்களும் மாளிகைகளும் ஒவ்வொன்றாய்ப் பின்னே செல்லும் அப்பயணத்தில் அவருள் ஒரு கணக்கு எழுகின்றது. முன்னொரு முறையும் உடல் ஒவ்வாமல் இவ்வூரை விட்டு ஓடியவர் அவர். இம்முறையும் போனால் மீண்டும் வருதல் அறிவுடைமை ஆகாது. ஆதலின் இது என்றைக்குமான பிரிவு. போகவும் இயலாமல், நிற்கவும் இயலாமல் நிலையத்தை அடைகின்றார். ஆங்கு ஒரு செய்தி காத்திருக்கின்றது: அவர் பெட்டி பிறர் பெட்டிகளோடு கலந்து கோமோவிற்கு அனுப்பப்பட்டுவிட்டது. முகத்திற் சினத்தைக் காட்டி, நெஞ்சில் பொங்கும் களிப்பை மறைத்து, பெட்டியின்றிப் பயணம் செய்ய இயலாது என்று கூறி லிடோவிற்குத் திரும்புகின்றார். முன்னிருந்த அறை வேறொருவர்க்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதனை ஒத்த இன்னோர் அறை கிடைக்கின்றது. நகைச்சுவை ததும்பும் இப்பகுதியை விடுமுறையின் இறுதி நாள் பற்றிய எழுத்துகளில் தலையாயதாக மதிக்கின்றோம். போக விரும்பாத மனம் தானே துணியாமல், விபத்தின் தோள்மேல் ஏறி நின்றுவிடும் சிறுமை இத்துணைத் தெளிவாக வேறெங்கும் காட்டப்படவில்லை.

தொல்காப்பியர் கற்பியலில் ஒரு விளக்கம் தருவார். செலவிடை அழுங்குதல் செல்லாமை ஆகாது. தலைவியை ஆற்றுவித்தற் பொருட்டுத் தவிர்ந்து நிற்பதே அது என்பது அவர் கருத்து. அதாவது தயக்கம் என்பது பயணத்தின் ஒரு பகுதி. பிறர் பொருட்டுத் தயங்குபவன் பின்னர்ப் போயே தீர்வான். மும்முறை வாயிலை மிதித்த ஓவிடின் தயக்கம் இவ்வகை. வண்டியோட்டி வாராமையால் கதே பெற்ற சில நொடிகளும் இவ்வகை, வண்டி புறப்பட்டுவிட்டது. ஆஷன்பாக்கின் தயக்கமோ எவரையும் ஆற்றுவித்தற்கு எழுந்ததன்று. ஆற்றுவித்தற்கு அங்கு ஒருவரும் இலர். சிறுவனோடு அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. இஃது அழுங்கல் போலத் தோன்றும் செல்லாமை. நூற்பா வகுத்தவர் எதிர்பார்த்த நிலையன்று எனினும், அவர் செய்த பாகுபாடு இக்கதையைத் திறக்கும் திறவுகோலாக அமைகின்றது.

அதன்பின் வரும் வாரங்கள் விருந்தினன் தங்கக் கூடாத நாட்கள். விடுதியிற் செருமானியப் பேச்சொலி குறைகின்றது, மேசைகள் வெறுமையாகின்றன, தெருக்களில் மருந்து நாற்றம். முடிதிருத்துவோன் நோய் என்னும் சொல்லை வாய்தவறி உரைத்து மறைக்கின்றான். இறுதியில் ஆங்கிலப் பயண நிலையத்து எழுத்தர் ஒருவரே உண்மையை உரைக்கின்றார். வாந்திபேதி பரவியுள்ளது, வருவாய் குன்றும் என்றஞ்சி நகராட்சியார் மறைக்கின்றனர். 1911-இல் வெனிஸில் அந்நோய் பரவியதும், அஃது மறைக்கப்பட்டதும் வரலாற்றுண்மைகள். நோய் கங்கைக் கழிமுகத்துச் சதுப்பில் தோன்றியது என மான் விரித்துரைப்பதும், மூங்கிற் காட்டில் பதுங்கும் புலியைக் காட்டுவதும் இந்தியக் கற்போர்க்குச் சற்றே உறுத்தும். 1817-இல் வங்கத்திலிருந்து அக்கொள்ளைநோய் பரவியது மெய்யே. எனினும், அச்சம் எல்லாம் கீழ்த்திசையினின்றே வருவதாகக் காணும் ஐரோப்பிய மனப்பாங்கும் அவ்வருணனையில் கலந்துளது. நோயை மறைத்தோர் வெனிஸ் வணிகர் என்பதனை மான் மறைக்காமையால் அவ்வருணனை ஒருவாறு நடுநிலை பெறுகின்றது.

உண்மை அறிந்த அவ்விரவில் ஆஷன்பாக் செய்யத் தக்கது ஒன்றே. தாட்சியோவின் தாயிடம் சென்று, மக்களை அழைத்துக்கொண்டு இன்றே புறப்படுங்கள் என எச்சரித்தல். அதனைச் செய்தால் தாமும் புறப்பட வேண்டும். வீடு, நிதானம், உழைப்பு ஆகியவற்றை எண்ணும்போதே அவர்க்கு அருவருப்பு எழுகின்றது. வாய்திறவாமல் இருந்துவிடுகின்றார். கதையின் அறப்பொருள் இவ்விடத்தே உளது. அழகு பற்றிய நீண்ட ஆராய்ச்சிகளில் மூழ்கிய திறனாய்வாளர் பலர் இதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். விருந்தளித்த நகரின் குற்றத்தில் விருந்தினனும் பங்காளி ஆகின்றான். நகரம் பொருள் கருதி மறைத்தது. இவர் காதல் கருதி மறைத்தார். மீள்வதே நாடு கடத்தல் என்று கதே ஓர் உம்மையில் அடக்கிய எண்ணத்தை மான் இறுதிவரை நடத்திப் பார்க்கின்றார். வீடு நாடு கடத்தலாகிவிட்டால் போகாமல் இருந்துவிடலாமே என்பார்க்கு, இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதே இக்கதை.

இறுதி நாள் ஆஷன்பாக்கின் விடுமுறைக்கு இறுதி நாள் அன்று என்பதும் கருதத் தக்கது. கூடத்திற் கட்டிவைத்த பெட்டிகள் போலந்துக் குடும்பத்தாருடையவை. உணவிற்குப் பின் அவர்கள் புறப்படுகின்றனர். அதனைக் கேட்டறிந்து கடற்கரைக்குச் செல்கின்றார். கரையிற் கூட்டமில்லை. உரியவர் அருகில்லாத ஒளிப்படப் பெட்டி ஒன்று முக்காலியின்மேல் நிற்க, அதன் கருந்துணி காற்றிற் படபடக்கின்றது. சிறுவன் தோழனோடு மற்போரில் தோற்று, தனியே மணற்றிட்டில் நடக்கின்றான். நாற்காலியிற் சாய்ந்தபடியே ஆஷன்பாக் உயிர் விடுகின்றார். பயணம் செய்வோர் சிறுவனும் குடும்பத்தாரும். பிரிவுக் காட்சியோ இவர்க்கு. நோக்கும் கருவி இருந்தும் நோக்குவார் இல்லாத அவ்வொளிப்படப் பெட்டி ஒன்றே போதும், மானின் கலைத்திறத்திற்குச் சான்று.

கலையளவில் இத்துணை உயர்ந்த இம்முடிவில் எமக்கு ஒரு குறை தோன்றுகின்றது. மரணம் ஆசிரியர்க்கு ஓர் எளிய வழியைத் திறந்துவிடுகின்றது. மீண்டு சென்று மியூனிக்கில் மேசைமுன் அமரும் ஆஷன்பாக்கை எழுதுவது இதனினும் கடினம். அதனை மான் எழுத வேண்டியிருக்கவில்லை. கதே அக்கடினத்தை வாழ்ந்தவர். 1788 சூனில் வைமார் சேர்ந்தபின் நாற்பத்து மூன்று ஆண்டுகட்கு மேல் வாழ்ந்தார். 1790-இல் வெனிஸில் சில வாரம் இருக்க நேர்ந்தபோது, முன்கண்ட இத்தாலி அவர்க்குக் கிட்டவில்லை. கசப்பு மிகுந்த குறும்பாக்களே கிட்டின. உரோமை மீண்டும் காணவே இல்லை. ஆதலின், பிழையுள்ள அந்த உம்மையோடு கூடியும், கதேயின் முடிவே எம் மதிப்பில் மேம்பட்டு நிற்கின்றது. விடைபெற்றுச் சென்றவன் எழுதியது அது.

உரோம் பகுதி வெளிவந்த மறுஆண்டு, 1830 அக்டோபரில், கதேயின் மகன் அவுகுஸ்ட் இத்தாலியப் பயணத்தினிடையே உரோமில் நோயுற்று இறந்தார். செஸ்தியஸ் கூர்ங்கோபுரத்தருகே, கத்தோலிக்கர் அல்லாத அயலார்க்குரிய இடுகாட்டில் புதைக்கப்பெற்றார். கல்லில் மகனின் பெயர் இல்லை. கதேயின் மகன், தந்தையை முந்திச் சென்றான் என்னும் பொருள்படவே இலத்தீனிற் பொறிக்கப்பட்டுள்ளது. கப்பிட்டோலுக்கு அணித்தாகத் தமக்கும் ஒரு மனை இருந்தது போல ஓவிடின் அடியை இரவல் வாங்கி முடித்த நூல் வெளிவந்த பின்னர், அந்நகரில் அவர் குடிப்பெயர் தாங்கிய கல் ஒன்று நின்றது.